மூன்று நாள் கோல்ஃப் பள்ளியா, வாரம் ஒரு பாடமா?

அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட்டில் இருக்கும் என் சித்தி மகன் போன வாரம் தொலைபேசியில் கேட்டான். "அக்கா, பைன்ஹர்ஸ்ட் பக்கம் மூன்று நாள் கோல்ஃப் பள்ளி ஒன்றில் சேரலாம் என்றிருக்கிறேன். பணம் கட்டிவிடட்டுமா? இல்லை, இங்கேயே ஒரு பயிற்றுநரிடம் வாரம் ஒரு மணி நேரம் போனால் போதுமா?"

"பள்ளி முடிந்து வந்த பிறகு ஆறு வாரம் உனக்கு என்னென்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கற்றுக்கொள்வது அந்த மூன்று நாளில்தானே?"

சம்பந்தம் நிறைய இருக்கிறது. நானும் அவனைப் போலத்தான் நினைத்திருந்தேன். நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாகக் கோல்ஃப் மட்டையைப் பிடித்தேன். என் பிறந்தநாளுக்குக் கணவர் இரண்டு நாள் பள்ளி ஒன்றில் இடம் வாங்கித் தந்தார். வேறு மாநிலம், அழகான இடம், அன்பான ஆசிரியர்கள். இரண்டாம் நாள் மாலை பந்து பறந்த விதத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஊர் திரும்பினேன், அலுவலகத்தில் மென்பொருள் வெளியீட்டு நேரம், வீட்டில் மகனுக்குப் பரீட்சை. ஏழு வாரம் கழித்து மட்டையை எடுத்தபோது, அந்த இரண்டு நாளில் கற்றதில் பிடியின் சாயல் மட்டும்தான் கையில் மிச்சமிருந்தது. பிறகு வீட்டுக்குப் பத்து நிமிடத் தொலைவில் உள்ள ரேஞ்சில், அதாவது பந்து அடித்துப் பழகும் திடலில், ஒரு பயிற்றுநரிடம் பத்து வாரம் படித்தேன். அதன் பிறகுதான் பைன்ஹர்ஸ்ட் இருக்கும் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் மூன்று நாள் பள்ளிக்குப் போனேன். அந்தப் பள்ளி எனக்கு மிகவும் உதவியது. முதல் பள்ளியும் மோசமானதல்ல. பள்ளி முடிந்த பிறகு எனக்குக் காத்திருந்த வாரங்கள்தான் வேறு.

நாங்கள் இருக்கும் கேரியிலிருந்து பைன்ஹர்ஸ்டுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வட கரோலினாவில் கோல்ஃப் கற்க நினைப்பவர்களின் மனம் அந்தப் பக்கம் போவதற்குக் காரணம் இருக்கிறது. பைன் மரங்களை வெட்டிய பிறகு வெறும் மணலாகக் கிடந்த நிலத்தை 1895இல் ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் என்னும் பாஸ்டன் தொழிலதிபர் வாங்கி, உடல்நலம் தேடி வருவோருக்கான ஊராக எழுப்பினார். 1900இல் ஸ்காட்லாந்துக்காரரான டொனால்ட் ராஸ் அங்கே வந்து சேர்ந்தார். அவர் அமைத்த இரண்டாம் எண் மைதானம் 1907இல் திறக்கப்பட்டது. 1999, 2005, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பன் போட்டி அங்கேதான் நடந்தது. அங்கே 'மேனியாக் ஹில்' என்று ஒரு பயிற்சித் திடல் உண்டு. ஆட்டத்துக்கு அல்லாமல் பயிற்சிக்கென்றே நிலம் ஒதுக்கும் பழக்கம் இந்த நாட்டில் வேரூன்றிய ஆரம்ப இடங்களில் அதுவும் ஒன்று. கற்பதற்கென்று ஆட்கள் நூறு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஊர் அது. மணல் மண் என்பதால் மழை பெய்து ஓய்ந்ததும் நீர் வடிந்துவிடும். பயிற்சி நாள் வீணாவது குறைவு. இடி இடித்தால் மட்டும் எல்லோரும் திடலை விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடி இங்கே வழக்கமான விருந்தாளி.

பள்ளியில் என்ன நடக்கும்

முதல் நாள் காலை யாரும் உடனே பந்து அடிக்க விடமாட்டார்கள். ஆசிரியர் உட்கார்ந்து பேசுவார். எவ்வளவு நாளாக ஆடுகிறீர்கள், எதற்காக வந்திருக்கிறீர்கள், முதுகுவலி உண்டா, முழங்கால் எப்படி, தோளில் பழைய அடி ஏதாவது உண்டா? இங்கே கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் இடுப்பு எவ்வளவு திரும்பும் என்பதை வைத்துத்தான் நல்ல ஆசிரியர் உங்கள் ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் விதத்தை, அமைப்பார். "கணவரோடும் அவர் நண்பர்களோடும் ஒன்பது குழி ஆட வேண்டும், யாரையும் காத்திருக்க வைக்கக் கூடாது" என்று நான் சொன்னேன். ஆசிரியர் அதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டார். மூன்று நாளும் அந்த வரியை நோக்கித்தான் பாடம் நடந்தது.

பிறகு ஏழாம் எண் அயர்ன் என்னும் இரும்பு மட்டையால் பத்துப் பந்து. இரண்டு பக்கங்களிலிருந்து காணொளி எடுப்பார்கள்: ஒன்று உங்கள் முகத்துக்கு நேர் எதிரிலிருந்து, மற்றொன்று பந்து போக வேண்டிய கோட்டின் பின்னாலிருந்து. அருகில் ஒரு ரேடார் கருவி இருக்கும். அது பந்தின் வேகம், கிளம்பிய கோணம், சுழற்சி, மட்டை வந்த பாதை, அடித்த கணத்தில் பந்தைத் தொடும் மட்டை முகம் பார்த்த திசை எல்லாவற்றையும் எண்ணாக்கித் திரையில் காட்டும். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். கண்ணால் பார்க்கவே முடியாத அந்தக் கணத்தில் என்ன நடந்தது என்பதைக் கருவி சொல்லிவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஆசிரியரை எடைபோட இது உதவும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் மட்டையின் முகம் தீர்மானிக்கிறது. காற்றில் எந்தப் பக்கம் வளைகிறது என்பதை, அந்த முகத்துக்கும் மட்டை வரும் பாதைக்கும் இடையே உள்ள கோணம் தீர்மானிக்கிறது. பல தலைமுறைகளாக இதைத் தலைகீழாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: பாதையில் கிளம்பும், முகத்தின் பக்கம் வளையும் என்று. ரேடார் கருவிகள் வந்த பிறகு அந்தப் பாடம் மாறிவிட்டது. வலக்கைக்காரரான புதியவர் அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைந்து வளைந்து ஓடுவதை 'ஸ்லைஸ்' என்பார்கள். அதைச் சரிசெய்ய வரும் ஆசிரியர் உங்கள் முகக் கோணத்தைப் பற்றிப் பேசுகிறாரா, "இன்னும் இடப்பக்கமாக வீசுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாரா என்று கவனியுங்கள். பின்னதைச் செய்தால் பாதை இன்னும் குறுக்காகி வளைவு கூடத்தான் செய்யும்.

காணொளி முடிந்ததும் பிடி. ஒரு மணி நேரம் முழுக்கப் பிடியிலேயே போகும். அது வீண் அல்ல. மட்டை உள்ளங்கையில் படியாமல் விரல்களில் படிய வேண்டும். வலக்கைச் சுண்டுவிரல் இடக்கை விரல்களின் மேல் படுக்கும் முறை உண்டு, பின்னிக்கொள்ளும் முறை உண்டு, பத்து விரலும் மட்டையைத் தொடும் முறையும் உண்டு. என் கை சிறியது. பின்னிப் பிடித்த பிறகுதான் மட்டை நழுவாமல் நின்றது. சரியான பிடி முதலில் தவறாகத்தான் தோன்றும். இடக்கையால் எழுதச் சொன்னது போல இருக்கும். அந்த அசௌகரியத்தைத் தாங்கிக்கொள்ள முடியாமல் நடுவில் பழைய பிடிக்கு நழுவுகிறவர்கள்தான் அதிகம். பக்கத்திலேயே ஆசிரியர் நின்று கையைத் திருத்திக்கொண்டே இருப்பது பள்ளியின் பெரிய வலிமை.

பிற்பகல் குட்டி ஆட்டம்: குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் சிப் என்னும் சிறு அடி, மணல்குழியிலிருந்து வெளியேற்றுவது, புட்டர் என்னும் மட்டையால் பந்தைக் குழிக்கு உருட்டும் புட்டிங். சாண்ட்ஹில்ஸில் இதைக் கற்பது தனிச் சுகம். ராஸின் இரண்டாம் எண் மைதானத்து கிரீன்கள் ஆமை முதுகைப் போல நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரியும். சற்றுப் பிசகினால் பந்து உருண்டு வெளியே போய்விடும். 2014 ஓப்பனில் ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் அப்படி வெளியே போன பந்துகளைத் தூக்கி அடிக்க முயலாமல், கிரீனுக்கு வெளியிலிருந்தே புட்டரால் உருட்டி உருட்டி, இரண்டாம் இடத்தில் வந்தவர்களைவிட எட்டு அடிகள் குறைவாக அடித்து வென்றார். எங்கள் ஆசிரியர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு எல்லோர் கையிலும் புட்டரைக் கொடுத்தார். "பந்தை உயரத் தூக்குவது மூன்றாவது யோசனையாக இருக்கட்டும். முதல் யோசனை உருட்டுவது" என்றார். என் ஆட்டத்தில் நான் மிச்சப்படுத்திய அடிகளில் பாதி அந்த ஒரு மணி நேரத்தால் வந்தவை.

இரண்டாம் நாளைப் பற்றி முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அன்று உங்கள் ஆட்டம் முதல் நாளைவிட மோசமாக இருக்கும். உடல் வலிக்கும், பழைய அசைவும் புதிய அசைவும் ஒன்றோடொன்று மோதும், பந்து தரையில் உருண்டு ஓடும். எங்கள் குழுவில் வந்திருந்த ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் மதியத்துக்குள் கண் கலங்கிவிட்டார். ஒரு நாளில் பல நூறு பந்துகள் அடிக்கிறோம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்முதுகும் முழங்கையும் முதலில் புகார் சொல்லும். பள்ளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நடையும் இடுப்புத் திருப்பும் பயிற்சியும் செய்துவிட்டுப் போங்கள். கையுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த கையுறைதான் கொப்புளத்தின் தாய். எங்கள் ஆசிரியர் மூன்று மணிக்கு எல்லோர் மட்டையையும் வாங்கி வைத்துவிட்டு, மரநிழலில் உட்காரவைத்து விதிகளைப் பற்றிப் பேசினார். அது அனுபவசாலியின் செயல். "இன்னும் அடியுங்கள், இன்னும் அடியுங்கள்" என்று விரட்டும் இடத்தில் காயம்தான் மிஞ்சும்.

மூன்றாம் நாள் மைதானத்தில் ஆட்டம். என் கணக்கில் பள்ளிக்குக் கொடுக்கும் பணத்துக்கான நியாயம் இந்த நாளில்தான் இருக்கிறது. சமதரை ரேஞ்சில் அழகாக அடித்த கை, சரிவில் நின்றவுடன் தடுமாறும். ஆசிரியர் கூடவே நடந்து, "இங்கே எந்த மட்டையை எடுப்பீர்கள், ஏன்?" என்று கேட்டுக்கொண்டே வருவார். மணல்குழியில் மிதித்த தடத்தை வாரியால் சமன்செய்வது, கிரீனில் பந்து விழுந்த குழிவைச் செப்பனிடுவது, பக்கத்தில் ஆள் அடிக்கும்போது நிழல்கூட விழாமல் நிற்பது எல்லாம் இங்கேதான் பழகும். 2019இல் விதிகள் மாறியதையும் சொல்லித் தருவார்கள்: தொலைந்த பந்தைத் தேட இப்போது மூன்று நிமிடம்தான்; கொடிக்கம்பைக் குழியிலிருந்து எடுக்காமலேயே புட் செய்யலாம்; பந்தை முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும். "ஓரளவு நன்றாக ஆடப் பழகிவிட்டு மைதானத்துக்குப் போகிறேன்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று: ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறனுக்கேற்பக் கூடுதல் அடிகள் தரும் கணக்கு; 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், 18 குழி ஆட்டத்துக்கு அதன் உச்சவரம்பு 54. ஒரு குழிக்கு மூன்று அடி கூடுதல் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். மைதானம் புதியவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறது.

வாரம் ஒரு பாடம்

இந்த வழியில் மினுமினுப்பு எதுவும் இல்லை. வியாழன் மாலை ஆறு மணிக்குப் போவேன்; பயிற்றுநர் ஒரே ஒரு விஷயம் சொல்லித்தருவார்; அடுத்த வியாழன்வரை அதையே பழகுவேன். பத்து வாரத்தில் பத்து விஷயம்கூட இல்லை, ஆறோ ஏழோதான். ஆனால் அந்த ஆறேழும் இன்றுவரை கலையவில்லை.

ஏன் என்பதற்கு உடல் கற்கும் விதத்தில் பதில் இருக்கிறது. 1979இல் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கையசைவுகள் சிலவற்றை ஒரு குழு ஒன்றை முடித்து மற்றொன்று என்று வரிசையாகப் பழகியது. மற்றொரு குழு அவற்றைக் கலந்து கலந்து பழகியது. பழகும் நேரத்தில் வரிசைக் குழுதான் சிறப்பாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். எதையும் எளிதாகச் செய்துகொண்டிருக்கும் நேரம் நன்றாகக் கற்கும் நேரம் என்று நாம் நம்புகிறோம். உடல் அப்படிக் கற்பதில்லை. ஒரே இடத்தில் நின்று ஒரே மட்டையால் ஐம்பது பந்து அடித்து ஐம்பத்தொன்றாவது பந்து அழகாகப் பறந்தால், அந்த அழகு அன்றைக்கு உரியது. இரண்டு நாள் கழித்து மறந்துபோனதை மீண்டும் தேடி எடுக்கும் சிரமத்தில்தான் அது நம்முடையதாகிறது. வாரப் பாடத்தின் அமைப்பிலேயே இந்த இடைவெளி இருக்கிறது. பள்ளியில் அது இல்லை. பள்ளிக்குப் பிந்தைய வாரங்களில் நாமேதான் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நான் சித்தி மகனிடம் ஆறு வாரத்தைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான்.

வாரப் பாடத்துக்கும் குறைகள் உண்டு. பெரும்பாலும் செயற்கைப் புல் பாய்மேல் நின்றுதான் அடிக்கிறோம். பாய் பொய் சொல்லும்: பந்துக்குப் பின்னால் தரையை முதலில் தொட்டாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். புல்லில் அதே அடிக்கு மட்டை மண்ணில் புதையும், பந்து பத்தடி போகும். பத்து வாரம் பாயில் படித்த எனக்கு இது பள்ளியில் முதல் நாள்தான் தெரிந்தது. புல்தரை இருக்கும் ரேஞ்சைத் தேடுங்கள். இல்லாவிட்டால் மாதம் ஒரு பாடத்தையாவது மைதானத்தில் நடத்தித் தரும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள்.

இன்னொரு குறை ஆளைப் பொறுத்தது. இந்தப் பயிற்றுநரிடம் சேர்வதற்கு முன்னால் வேறொருவரிடம் மூன்று வாரம் போனேன். முதல் வாரம் பிடியை மாற்றினார். அடுத்த வாரம் நிற்கும் விதத்தை மாற்றினார். மூன்றாம் வாரம் முதலில் சொன்ன பிடிக்கு எதிரானதைச் சொன்னார். முந்தைய வாரம் என்ன சொல்லித்தந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. நிறுத்திவிட்டேன். நல்ல பயிற்றுநர் ஒவ்வொரு பாடத்தையும் "போன வாரம் என்ன பழகினீர்கள், காட்டுங்கள்" என்று தொடங்குவார். அமெரிக்காவின் தொழில்முறைக் கோல்ஃப் சங்கமான பிஜிஏ 1916இல் தொடங்கியது. பெண்களுக்கான தொழில்முறைக் கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏவின் ஆசிரியர் பிரிவு 1959இல் வந்தது. இவற்றின் சான்று இருக்கிறதா என்று கேட்பது முறைதான். அந்தச் சான்றைவிட, உங்களைப் பற்றி அவர் எழுதிவைத்திருக்கும் குறிப்பேடு எனக்கு முக்கியமாகப்படுகிறது.

குழு வகுப்புகள், பெண்களுக்கான பள்ளிகள்

முற்றிலும் புதியவர், பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாது என்றால் தனிப் பாடமும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம். நகராட்சிப் பூங்காத் துறைகளும் பொது மைதானங்களும் நான்கைந்து வாரக் குழு வகுப்புகள் நடத்துகின்றன. ஆறு முதல் எட்டுப் பேர், மட்டையும் அவர்களே தருவார்கள். நுணுக்கமாகக் கற்க முடியாது. ஆட்டத்தின் முகவரி தெரிந்துவிடும், கூட ஆட இரண்டு பேர் கிடைப்பார்கள். பிந்தையது சின்ன விஷயம் இல்லை. தனியாக ரேஞ்சுக்குப் போகச் சலிப்பவர்கள் துணை இருந்தால் போய்விடுவார்கள்.

பெண்கள் தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. பைன்ஹர்ஸ்டுக்கு அடுத்த சதர்ன் பைன்ஸில் பைன் நீடில்ஸ் என்ற மைதானம் இருக்கிறது. அதை நடத்திய பெக்கி கிர்க் பெல் பெண்களுக்கென்றே 'கோல்ஃபாரி' என்னும் பல நாள் பள்ளியைத் தொடங்கினார். அவர் 2016இல் மறைந்தார். 2019இல் உலகக் கோல்ஃப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அதே மைதானத்தில் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் 1996, 2001, 2007, 2022 என்று நான்கு முறை நடந்திருக்கிறது. ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் நான் ஒன்றைக் கவனித்தேன்: ஆண்கள் தூரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், எனக்கிருந்த கேள்விகளைக் கேட்க நேரம் வரவில்லை. நம் வீட்டுப் பெண்கள் பலர் நாற்பதுக்கு மேல்தான் முதன்முதலாக ஒரு விளையாட்டுக் களத்தில் இறங்குகிறார்கள். யாரும் பார்க்கிறார்களோ என்ற பயம் அவர்கள் தோளை இறுக்குகிறது. அந்த இறுக்கம் இல்லாத இடத்தில் தொடங்குவது பெரிய வரம் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு என் நாத்தனாரை அப்படி ஒரு பள்ளிக்குத்தான் அழைத்துப்போகப் போகிறேன்.

காணொளிகளைப் பார்த்து மட்டுமே கற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உங்கள் தவறு என்னவென்று தெரிந்த பிறகு பாருங்கள், உதவும். தெரியாமல் பார்த்தால், யாரோ ஒருவரின் நோய்க்கு எழுதிய மருந்தை நாம் வாங்கிக் குடிப்பதாகிவிடும்.

பணக் கணக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் நான் விசாரித்தபோது ஒரு மணி நேரத் தனிப் பாடம் 100 டாலரை ஒட்டி இருந்தது. பத்துப் பாடம் சேர்த்து வாங்கினால் சற்றுக் குறையும். மூன்று நாள் பள்ளி, அங்கே தங்காமல் வந்துபோகிறவர்களுக்கே 1,000 டாலரைத் தாண்டியது. அறை, உணவு, மைதானக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

இந்த எண்களை அப்படியே எதிரெதிராக வைத்துப் பார்க்கக் கூடாது. நாளுக்கு ஐந்து மணி நேரம் வீதம் மூன்று நாளில் 15 மணி நேரம் பாடம். நான்கு பேருக்கு ஒரு ஆசிரியர் என்றால், அவர் உங்களை மட்டும் பார்க்கும் நேரம் மூன்றே முக்கால் மணி. ஆறு பேர் என்றால் இரண்டரை மணி. தனிப் பாடமாக அதே பணத்துக்குப் பத்து மணி நேரம் கிடைக்கும். ஆனால் பள்ளியில் மற்றவருக்குச் சொல்வதைக் கேட்டுக் கற்பதும் உண்டு. என் பக்கத்தில் நின்றவரின் தவறைப் பார்த்துத்தான் என் தவறே எனக்குப் புரிந்தது. அதற்கும் ஒரு விலை வைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் ஓர் ஆசிரியரிடம் நான்கு பேருக்கு மேல் சேர்க்கும் பள்ளிக்கு நான் பணம் கட்டமாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். மூன்று நாளும் ஒரே ஆசிரியரா, நாளுக்கு ஒருவரா? மைதானத்தில் எத்தனை குழி ஆசிரியரோடு ஆடுவோம், அல்லது பாடம் முடிந்த பிறகு நாமாகவே ஆடுவதற்கான டிக்கெட்டைத்தான் 'மைதான ஆட்டம்' என்று எழுதியிருக்கிறார்களா? காணொளிகளை வீட்டுக்குத் தருவார்களா? இடி மழையில் இழந்த நேரத்துக்கு என்ன செய்வார்கள்? ஒரு மாதம் கழித்து என் ஸ்விங்கைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று சொன்ன பள்ளியைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். அந்த ஒரு மாதக் கெடுவே என்னை ரேஞ்சுக்குப் போகவைத்தது.

புது மட்டைகள் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பையில் 14 மட்டைவரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது; கற்கும்போது ஐந்து போதும். ஸ்விங் மாறிய பிறகு மட்டையின் நீளமும் கோணமும் பொருந்தாமல் போகலாம். பள்ளியிலேயே மட்டை விற்பார்கள்; மூன்றாம் நாள் மாலை மனம் இளகியிருக்கும் நேரத்தில் கை பணப்பைக்குப் போகும். ஒரு மாதம் பொறுத்து வாங்குங்கள்.

குட்டி ஆட்டத்துக்கு மட்டுமே தனிப் பள்ளிகள் இருக்கின்றன. நாசாவில் ஆய்வாளராக இருந்த டேவ் பெல்ஸ் அந்த வகைப் பள்ளிகளைப் பரவலாக்கினார். அதற்கு எதிர்ப்பக்கம், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான அடிகளைக் கணக்கிட்டு, நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் இருப்பதாகக் காட்டினார். கணக்கில் பிராடி சொல்வதே சரி. இருந்தாலும் புதியவருக்குக் குட்டி ஆட்டத்தை முதலில் கொடுக்க வேண்டும் என்றே சொல்வேன். அது விரைவில் கைக்கு வரும், உடலை வருத்தாது, வீட்டு வரவேற்பறைக் கம்பளத்திலேயே பழகலாம். 2024 ஓப்பனின் கடைசிக் குழியில் பிரைசன் டிஷாம்போ 55 கஜத் தொலைவு மணலிலிருந்து பந்தைக் குழிக்கருகே கொண்டுவந்து ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். அதற்குச் சற்று முன் ரோரி மெக்கில்ராய் கடைசி மூன்று குழிகளில் இரண்டு குட்டிப் புட்டுகளைத் தவறவிட்டிருந்தார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கும் நான்கடிப் புட்டு நெஞ்சை அடைக்கும் என்றால், அதை நாம் தினமும் பத்து நிமிடம் பழகுவதில் என்ன குறை?

இவ்வளவையும் சொன்ன பிறகு சித்தி மகன் தன் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அலுவலகத்தில் நெருக்கடி. ஜூனில் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். ஆகஸ்டில் குழந்தைகளுக்குப் பள்ளி திறக்கிறது. வியாழன் மாலைகள் மட்டும் எப்போதும் காலி. செப்டம்பர் பாதியிலிருந்து சனி, ஞாயிறு காலைகளும் கிடைக்கும்.

"அப்படியென்றால் இப்போது வியாழக்கிழமைப் பாடம், அக்டோபரில் பள்ளி. சரிதானே அக்கா?" என்றான்.

சரிதான். அக்டோபரில் சாண்ட்ஹில்ஸில் வெயிலும் தணிந்திருக்கும். நவம்பர் கடைசிவரை சனி, ஞாயிறு காலைகளில் வேறு எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். என் கணவரின் பழைய ஏழாம் எண் அயர்னை அவனுக்குக் கொடுத்தனுப்புகிறேன். கைப்பிடி ரப்பர் தேய்ந்திருக்கிறது; முதல் பாடத்துக்கு முன் அதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.